அத்தை கல்யாணமும் அமெரிக்கப் பிரசிடெண்டும்

எங்கள் ஊரில் பிரசிடெண்ட் என்றால் பஞ்சாயத்துத் தலைவர்தான். அமெரிக்காவிலும் ஒரு பிரசிடெண்ட் இருக்கிறார், அவர் கையெழுத்துப் போட்டால் வாடிப்பட்டிப் பக்கத்தில் ஒரு கல்யாணம் தள்ளிப்போகும் என்பதெல்லாம், கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த வருடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது நான் ஏழாம் வகுப்பு.

அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு, அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளையை நிச்சயம் செய்திருந்தார்கள். அத்தை அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சம்மதமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளாகவும் எதுவும் சொல்லவில்லை. அத்தையை வழியனுப்ப மதுரை விமான நிலையத்துக்குப் போகும்போது என்ன உடுத்துவது என்பதை மட்டும் நான் முடிவு செய்துவிட்டேன்.

ஒருநாள் காலை மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். வேலை விசாவில் வருகிறவர்களையும் அவர்கள் மனைவிமாரையும் வருஷக் கடைசி வரை உள்ளே விடுவதில்லை என்று அந்த நாட்டுப் பிரசிடெண்ட் உத்தரவு போட்டுவிட்டாராம்.

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"நம்மூரு பிரசிடெண்டு ஒரு தெருக்குழாய் போடணும்னாலே மெம்பருகளக் கூட்டித் தீர்மானம் போடணும். அங்க ஒத்த ஆளு கையெழுத்துல அம்புட்டும் நின்டுருமா?"

அத்தைதான் விளக்கினாள். "நின்டுரும்ண்ணே. அவுக பார்லிமெண்டே முன்னாடி சட்டம் போட்டு அந்த அதிகாரத்த அவரு கையில குடுத்துருக்கு. வெளிநாட்டாளுக வர்றது நாட்டுக்கு நல்லதில்லன்னு அவருக்குப் பட்டா நிறுத்தலாம். திரும்ப யாரையும் கேக்க வேணாம்."

"தட்டிக் கேக்க ஆளே இல்லையா?"

"கோர்ட்டு இருக்கு" என்றாள் அத்தை. அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. பாவம், கோர்ட்டின் மேல்கூட அவளுக்கு நம்பிக்கை இல்லை என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து அந்தக் கோர்ட்டுக்காக நான் சாமி கும்பிட்டேன். சில மாதங்களில் பலித்தும்விட்டது. அந்த உத்தரவை ஒரு நீதிபதி தடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அம்மா கேசரி கிண்டப் போனாள். அத்தை முகம் வெளுத்துப்போய், செல்போனில் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"மதினி, அடுப்ப அணைங்க" என்று பிறகு கூவினாள். "கேஸ் போட்ட சங்கத்துல இருக்குற கம்பெனிகளுக்கு மட்டும்தான் இந்தத் தீர்ப்பாம். மாப்பிள்ளை கம்பெனி அதுல இல்ல."

ஆறுதல் சொல்லத் தெரியாமல் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வருஷம் முடிந்தபோது பிரசிடெண்ட் அந்த உத்தரவை மேலும் மூன்று மாதம் நீட்டினார். மாப்பிள்ளை வீட்டார் பொறுமை இழந்து, அங்கேயே படித்து வேலை பார்க்கும் பெண் ஒருத்தியைப் பேசி முடித்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார்கள். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அத்தை சோறு போட்டுச் சாப்பிட்டாள், இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டாள், உள்ளறைக்குப் போய்ப் படுத்தாள்.

அழுதுகொண்டிருப்பாள் என்று பயந்து பின்னாலேயே போனேன். அத்தை கையையும் காலையும் அகல விரித்துப்போட்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பல மாதங்களாக அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. துக்கம் ஒரு மனுஷியை இப்படி அடித்துப் போட்டுவிடுமா என்று எனக்கு அழுகை வந்தது. அவள் எழுந்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.