பூரணம் காட்டிய திசை

திருகோணமலைப் பக்கத்துச் சல்லிக் கரையில் பூரணத்தின் வாயைப் பிடுங்கி உண்மையை எடுத்தவர் எவரும் இல்லை. தலைகீழாக நின்றாலும் நடக்காது. ஐம்பத்தாறு வயது. புருசன் கண்ணை மூடிய பிறகு படகையும் மகனையும் அவள்தான் கட்டி ஆண்டாள். மகன் யுகேந்திரன் கூட்டாளி மதுசனோடு கடலில் நிற்பான். அவள் வீட்டில் ரேடியோ செட்டுக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருப்பாள்.

அந்தச் செட்டில் பேசுவது கடலில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும். கிண்ணியாப் படகுக்கும் கேட்கும், மூதூர்ப் படகுக்கும் கேட்கும். மீன் பட்ட இடத்தை வாய்தவறிச் சொன்னால் போதும், இருபது படகு அங்கே வந்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொய் இருந்தது. பூரணம் வீட்டுப் பொய் சுலபமானது: திசையை மாற்றிச் சொல்வது. தெற்கே வாகரைப் பக்கம் நின்றால் வடக்கே முல்லைத்தீவுப் பக்கம் என்பான் யுகேந்திரன். முல்லைத்தீவுப் பக்கம் நின்றால் வாகரை என்பான். பதினொரு வருடத்தில் ஒருநாளும் பிசகியதில்லை. சும்மா சொல்லக்கூடாது, தாயும் பிள்ளையும் பொய் சொல்லும் அழகே தனி! அந்தப் பெருமைதான் அவளைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளியது.

மார்கழியில் ஒரு மத்தியானம், வாடைக்காற்று திடீரென்று முறுகி அடித்த நேரத்தில், செட் கரகரத்தது.

"அம்மா, எஞ்சின் நிண்டுபோச்சு. தண்ணி ஏறுது. ஜீபிஎஸ்ஸும் செத்துப்போச்சு. நானும் மதுசனும் வாகரைப் பக்கம் நிக்கிறம், கரையில இருந்து நாப்பது மைல் வரும். கோஸ்ட் கார்டுக்குச் சொல்லுங்கோ, அம்மா..."

பிறகு இரைச்சல்தான். பூரணம் செட்டை அப்படியே விட்டு எழுந்தாள். மருமகள் தேனுகாவையும் இழுத்துக்கொண்டு ஓட்டோ பிடித்துத் திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஓடினாள்.

அந்தக் கடலில் சின்னப் படகு இறங்க ஏலாது. துறைமுகத்தில் நின்ற பெரிய ரோந்துக் கப்பல் ஒன்றுதான் கதி. வெள்ளை உடம்பு, முன்பக்கம் சரிவாகத் தீட்டிய நிறப்பட்டை, பின்பக்கம் ஹெலிகொப்டர் இறங்கும் தட்டு. ஒரே அச்சில் கட்டிய பல கப்பல்களில் ஒன்று. வேறொரு நாட்டுக் கரையைக் காவல் காத்துக் களைத்த பிறகு இங்கே வந்தது. பழசென்றாலும் அலைக்கு அசையாது. அதைக் கண்டதும் பூரணத்துக்குப் பாதி உயிர் வந்தது.

கோஸ்ட் கார்டு அதிகாரிக்குத் தமிழ் வராது. நுஸ்கி என்ற கரைக்காவல் பெடியன்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தான். மேசையில் வரைபடம் விரித்துக் கிடந்தது.

"வடக்கும் தெற்கும் ஒரேயடியாத் தேட ஏலாது, அம்மா. இந்தக் காத்தில ஹெலியும் எழும்பாது. போற பக்கம் சரியா இருக்கவேணும். எங்களுக்கும் மற்றப் படகுகளுக்கும் இரைச்சல்தான் கேட்டது. செட்டில உங்களுக்கு என்ன சொன்னவர்?"

தேனுகா மாமியின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "மாமி, இது வேற நேரமல்லோ. அவர் நேராத்தான் சொல்லியிருப்பார்," என்றாள் காதுக்குள்.

"நீ வந்து மூண்டு வருசம். அவன்ர நாக்கு எனக்குத் தெரியும். சும்மா இரு."

அட, கேட்டதைக் கேட்டபடி சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! வீட்டில் இப்படியொரு பழக்கம் இருக்கிறது, எதை நம்புவதென்று தெரியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நுஸ்கி கிண்ணியாப் பிள்ளை. மாமன்மாருக்குப் படகு இருக்கும். பதினொரு வருடப் பொய்யை அவன் முன்னால் அவிழ்த்துக் கொட்டுவதா? பிள்ளை சாகக் கிடக்கும் நேரத்திலும் அவளுக்கு அந்த எண்ணம்தான் வந்தது.

"முல்லைத்தீவுப் பக்கம்," என்றாள். "நாப்பது மைல்."

"நிச்சயமா, அம்மா?"

"என்ர பிள்ளை சொன்னது எனக்குத் தெரியாதே?"

ஒரு மணித்தியாலத்துக்குள் கப்பல் புறப்பட்டது. துறைமுக வாயைத் தாண்டி அது வடக்கே திரும்பும்வரை கரையில் நின்று கும்பிட்டாள். மூன்று நாள் அது வடக்கே தேடியது. காற்றிலும் மழையிலும் குறுக்கும் நெடுக்குமாக உழுதது. ஒரு மிதவைகூடக் கிடைக்கவில்லை.

நான்காம் நாள் காற்று தணிந்தது. கிண்ணியா ஹிஸ்புல்லாவின் படகு வாகரைக்கு நேரே ஐஸ் பெட்டியைப் பிடித்தபடி மிதந்த மதுசனைத் தூக்கியது. அவன் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மதுசன் பூரணத்தின் வீட்டுக்கு வந்தான். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"ரெண்டு நாள் என்னோட பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவன், அம்மா. 'அம்மாட்டச் சொல்லிப்போட்டன், வெள்ளைக் கப்பல் வரும்' எண்டு எனக்குத் தைரியம் சொன்னவன். மூண்டாம் நாள் விடிய கையை விட்டிட்டான்."

"அவன் செட்டில..." பூரணம் மதுசனின் கையைப் பிடித்தாள். "அவன் சொன்னது உண்மையான இடமோ?"

மதுசன் அவளை விளங்காமல் பார்த்தான். "சாகப்போற நேரத்தில ஆர் பொய் சொல்லுவினம், அம்மா?"

செத்த வீட்டுக்கு நுஸ்கியும் வந்தான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அம்மா. எங்களால கண்டுபிடிக்க ஏலாமல் போச்சு," என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வாசலில் நின்ற சனம் அவன்மேல் பாய்ந்தது. பிள்ளை வாகரையில் கிடக்க முல்லைத்தீவில் என்ன விளையாட்டுக் காட்டினீர்கள் என்று ஆளாளுக்கு ஏசினார்கள்.

பூரணம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதில் அவளை வெல்ல ஆளில்லை. ஆனால் எழுந்து நின்றாள்.

"அந்தப் பிள்ளையை ஏசாதேங்கோ. அவை நான் சொன்ன இடத்துக்குத்தான் போனவை. என்ர மகன் வாகரை எண்டுதான் சொன்னவன். நான்தான் மாத்திச் சொன்னனான்."

அவள் தோளை அணைத்துக்கொண்டிருந்த பெண்கள் மெல்லக் கையை எடுத்தார்கள். நுஸ்கி தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். தேனுகா மட்டும் கிட்ட வந்தாள். அவள் திட்டுவாள், அடிப்பாள், மண்ணள்ளித் தூற்றுவாள் என்று பூரணம் காத்திருந்தாள். அதில் ஒன்றாவது நடக்காதா என்று ஏங்கினாள்.

"ரெண்டு நாளும் வழி பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார், மாமி," என்றாள் தேனுகா.