ஒரு சாண் உயரத்தில் போன பந்து

பந்து கம்பி வலையில் மோதுகிறது. வலை நெடுக ஒரு நடுக்கம் ஓடி, இரும்புத் தூண்களைத் தொட்டு, அடங்குகிறது. அடங்குவதற்குள் அடுத்த பந்து. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த தென்னந்தோப்பை வெட்டிச் சாய்த்து, பச்சைப் பிளாஸ்டிக் புல் விரித்து, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். வேலை விட்டு வந்து, தோள்பையைக்கூட இறக்காமல் பால்கனியில் நிற்கிறேன். கீழே வண்டிகளின் மேல் சாய்ந்தபடி என் மகனும் அவன் கூட்டாளிகளும், கடல் கடந்த ஏதோ ஒரு ஃபுட்பால் அணிக்குப் புதிதாக வந்திருக்கும் விங்கரை, ஓரத்திலிருந்து பந்து போட்டுக்கொடுக்கிறவனை, விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

“கார்னர் எடுக்கறானா, கீப்பருக்குக் கொரியர் அனுப்பறானாடா?”

“கிராஸ் போட்டான்னா பந்து பார்க்கிங்ல போய் உழுகுது.”

சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அசதிதான் வருகிறது. இந்த வழக்கை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஊர் வேறு, ஆள் வேறு. குற்றச்சாட்டில் மட்டும் ஒரு சொல்கூட மாறவில்லை.

அப்போது எங்கள் வீடு உக்கடத்தில். என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, வாரம் முழுக்க லேத் பட்டறையில் இரும்பைக் கடைவார். ஞாயிறு மாலையில் எங்கள் பேட்டை அணியின் நடு ஃபார்வர்டு. காலால் அவர் கோல் போட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. தலையால்தான். மூலையிலிருந்து அடிக்கிற கார்னர் பந்து வளைந்து வரும்போது, காற்றில் யாருக்கும் தெரியாத ஒரு படிக்கட்டு இருப்பதுபோல் அத்தா ஏறுவார். கீழே எல்லோரும் நிற்க, அவர் மட்டும் ஒரு கணம் மேலே குடியிருப்பார். தெருவில் எனக்குப் பெயரே கிடையாது. ‘ஹெட்டர் பாய் மக’ என்றால் மளிகைக் கடைக்காரர் வெல்லத்துண்டு ஒன்று கூடுதலாகத் தருவார். அந்தப் பெருமையில்தான் வளர்ந்தேன்.

அத்தாவுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்த பழைய விங்கர் துபாய்க்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார்கள். மெலிந்த உடம்பு, வெயிலில் காய்ந்த முகம், பேசினால் தரையைப் பார்த்துப் பேசுகிற வழக்கம். அணிக்குப் பந்தும் பனியனும் வாங்கித் தருகிறவர் மரக்கடைக்காரர். இந்த சீசன் ஆள் நிலைத்துவிட்டால் மரக்கடையிலேயே வேலை என்று சொல்லியிருந்தார். வந்தவரின் ஊரில் மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை. அந்த வேலையை நம்பித்தான் அவர் பஸ் ஏறி வந்திருந்தார்.

எங்கள் பேட்டையில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியூரிலிருந்து வந்து ஆடுகிறவருக்கு வீடுகள் முறைவைத்துச் சோறு போடும். ஞாயிறு மதியம் எங்கள் வீட்டு முறை. அம்மா கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே இருப்பார். அவர் “போதுங்க அக்கா, போதுங்க” என்று சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்வார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். மாமாவுக்கு அத்தாவின் ஆட்டம் என்றால் உயிர். சாப்பிடுகிறவரைப் பார்த்து, “நல்லாச் சாப்புடுங்க தம்பி. இன்னைக்குப் பந்து மட்டும் எங்க மச்சான் தலையில உழுந்துரோணுமுங்க” என்பார். மரியாதை குறையாமல் ஒரு மிரட்டல்.

பந்து விழவில்லை. முதல் ஆட்டத்தில் அத்தா ஏறினார், பந்து தலைக்கு ஒரு சாண் மேலே போய் அந்தப்பக்கம் வெளியேறியது. அடுத்ததும் அப்படியே. ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல எல்லோரும் டீக்கடையில் கூடினார்கள். ஆடினவரும் பார்த்தவரும் ஒரே பெஞ்சில்தான். ஆடினவர் உட்கார்ந்து கேட்டாக வேண்டும், அதுவும் வழக்கம்.

மாமா மேசையில் மைதானத்தை விரித்தார். இரண்டு டீ கிளாஸ் கோல் கம்பம், தீப்பெட்டி விங்கர், நடுவில் ஒரு வர்க்கி ரொட்டி. அந்த வர்க்கி அத்தா. “இங்கிருந்து இப்படிப் போட்டா எப்படிங்க எட்டும்?” என்று தீப்பெட்டியை நகர்த்தினார். இன்னொருவர் அதைக் கோட்டுக்கு அருகில் வைத்தார், மற்றொருவர் பின்னுக்கு இழுத்தார். கிளாஸ்கூட இடம் மாறியது. வர்க்கியை மட்டும் யாரும் தொடவில்லை. வாதம் முற்றிக் குரல்கள் ஏறிய நேரத்தில், மரக்கடைக்காரர் ஞாபக மறதியில் அத்தாவை எடுத்து டீயில் நனைத்துத் தின்றுவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. மாமா வேறொரு வர்க்கியை எடுத்து அதே இடத்தில் வைத்தார்.

“அடுத்த வாரம் பாத்துப் போடறனுங்க,” என்றார் வெள்ளகோவில்காரர்.

பார்த்துத்தான் போட்டார். பந்து தாழ்வாக, மெதுவாக வந்தது. அத்தாவை எட்டும் முன்பே எதிரணிக்காரன் எவனோ காலால் வெட்டிவிட்டான். அன்றைக்கும் மாமாவின் விசாரணை.

“ஏனுங்க தம்பி, போன வாரம் ஆகாசத்துல உட்டீங்க. இந்த வாரம் தரையில உருட்டறீங்க. நடுவால ஒரு எடம் இருக்குதுங்களே, உங்க ஊருல அதெல்லாம் இல்லீங்களா?”

பெஞ்சு குலுங்கியது. அவரும் கூடச் சேர்ந்து மெல்லச் சிரித்தார். அத்தா ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டு, டீயை ஆற்றி ஆற்றி, ஆறின பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து அவர் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தார். பந்துக்குக் காற்றடிப்பதுபோல இதுவும் ஃபுட்பாலைச் சேர்ந்த ஒரு வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மா ஏன் அந்த நேரத்தில் பேசுவதே இல்லை என்று யோசித்ததில்லை.

பட்டறை விட்டு வருகிற மாலைகளில் அத்தா வெள்ளகோவில்காரரைக் குளத்துப் பக்கத்துத் திடலுக்குக் கூட்டிப்போனார். நானும் போவேன். அங்கே அவர் போடுகிற பந்தைப் பார்க்க வேண்டுமே! கோல் கம்பத்தின் மூலையில் ஒரு துணியைக் கட்டிவிட்டு, கார்னரிலிருந்து அந்தத் துணியையே அடிப்பார். பந்து கிளம்பும்போது எங்கேயோ போகிறதுபோல் இருக்கும். பிறகு மனசு மாறினாற்போல் உள்ளே வளையும். நான் கைதட்டுவேன். பிறகு அத்தா போய்க் கோலுக்கு முன்னால் நிற்பார்.

“இன்னுங் கொஞ்சம் தாழ,” என்பார்.

அவர் தாழ்த்துவார்.

“இன்னுங் கொஞ்சம்.”

பந்து இறங்கி இறங்கி, அத்தாவின் தலைக்கு வராமல் நெஞ்சுக்கு வந்தது. அத்தா அதை நெஞ்சில் வாங்கி, கீழே போட்டு, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குளத்துத் தண்ணீரில் வெயில் வடிந்துகொண்டிருந்தது. தனியாக இருந்தால் துணியை அடிக்கிற ஆள், கூட்டத்தைப் பார்த்ததும் பயந்துவிடுகிறார், இவ்வளவுதான் விஷயம் என்று நான் முடிவு செய்துகொண்டேன். டீக்கடைப் பெஞ்சில் எனக்கும் ஓர் இடம் கொடுத்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேன்.

கடைசி ஆட்டம். வென்றால் கோப்பை. ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். முடிகிற நேரத்தில் கார்னர் கிடைத்தது. புழுக்கமான மாலை, ஓர் இலை அசையவில்லை. கோட்டுக்கு வெளியிலிருந்து மாமா கத்தினார்: “மேல போடுங்க தம்பி! மச்சான் பாத்துக்குவாரு!” வெள்ளகோவில்காரர் பந்தை வைத்துவிட்டு அத்தாவைப் பார்த்தார். தாழவா, மேலேயா என்று கேட்கிற பார்வை. அத்தா மாமாவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு கையை உயர்த்தினார். மேலே.

பந்து வந்தது. துணியை அடிக்கிற அதே பந்து. அத்தா ஏறினார். ஒரு சாண் மேலே அது கடந்து போய், ஆளில்லாத இடத்தில் குதித்து, கோட்டைத் தாண்டி வெளியேறியது. அத்தா இறங்கினார், இறங்கினவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

டீக்கடையில் அன்று மேசையில் யாரும் எதையும் அடுக்கவில்லை. மாமாவின் குரல் உடைந்து போயிருந்தது. “ஒரே ஒரு பந்துங்க. ஒரு சீசன் பூராச் சோறு போட்டு, ஒரே ஒரு பந்து கேட்டமுங்க!” அதைச் சொல்லும்போது அவர் விங்கரைப் பார்க்கவில்லை, அத்தாவையும் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். வெள்ளகோவில்காரர் எழுந்து நின்று, “காத்து இழுத்துப்போட்டதுங்க. என்ற தப்புதானுங்க,” என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. காற்றா? அன்றைக்கு ஏது காற்று?

அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். இத்தனை வருடம் தங்களைத் தோளில் தூக்கிக் குதித்த ஒரு மனிதரிடம், இனி உங்களால் குதிக்க முடியாதுங்க என்று சொல்வதற்கு எங்கள் பேச்சில் மரியாதையான வழி எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு ‘ங்க’ சேர்த்துப் பழகிய ஊர்; எதைச் சேர்த்தாலும் இனிக்காத ஒரு வாக்கியத்தின் முன்னால் வாயடைத்து நின்றது. அதனால் அவர்கள் கிராஸைப் பற்றிப் பேசினார்கள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கார்னரைப் பற்றியே பேசினார்கள். அத்தாவும் அதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மரக்கடைக்காரர் விங்கரின் தோளைத் தட்டினார். “தம்பி, அம்மாவப் பாத்து நாளாச்சுங்களே. ஊருக்கு ஒரு எட்டுப் போயிட்டு, நிதானமா வாங்க.” எங்கள் பக்கத்தில் ஒருவரை வேலைக்கு வேண்டாம் என்று சொல்ல இதைவிடக் கடுமையான சொல் கிடையாது. அவர் கையைக் கூப்பினார். “ஆகட்டுமுங்க.”

மறுநாள் காலை அத்தா பட்டறைக்குப் போகவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு, வெள்ளகோவில்காரரை வழியனுப்ப சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்கு வந்தார். அவருடைய பையை அவரிடம் கொடுக்காமல் அத்தாவே தூக்கிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். வெள்ளகோவில் வழியாகப் போகிற பஸ்ஸில் அவருக்குச் சன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மா கட்டிக்கொடுத்த பொட்டலத்தை நான் எக்கிக் கொடுத்தேன். அவர் என் கன்னத்தைத் தட்டி, “நல்லாப் படிக்கோணும் அம்மணி,” என்றார். கரூர் கரூர் என்று கண்டக்டர் மட்டும் கூவிக்கொண்டிருந்தார்.

விசில் கேட்டது. பஸ் ஒரு தரம் குலுங்கியது. அத்தா சன்னல் கம்பியைப் பிடித்தார். பிடித்தபடி கூடவே இரண்டு எட்டு நடந்தார்.

“தம்பி... பந்து சரியாத்தான் வந்துச்சு.”

சரியாக வந்ததென்றால் இவர் எதற்கு ஊருக்குப் போகிறார்? அத்தாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நான் இதைத்தான் யோசித்தேன். வெள்ளகோவில்காரர் கம்பி மேல் இருந்த அத்தாவின் கையை மெல்ல எடுத்துவிட்டார்.

“தெரியுமுங்ண்ணா. பேட்டையில போயி யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க.”