பட்டியலில் விட்ட பெயர்

புலம்பெயர்ந்து வந்து மில்லிக்கன் என்ற ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் குலசிங்கத்துக்கு ஒரேயொரு பைத்தியம். பல்கலைக்கழகங்களில் ஃபுட்போல் விளையாடுகிறவர்களில் யார் யாரைப் பெரிய அணிகள் எடுக்கும் என்று ஒவ்வொரு சித்திரையிலும் பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுவார். அநேகமாகப் பலிக்கும்.

இந்த வருடத் தெரிவில் அவருடைய மகன் வாகீசனும் நின்றான். அவன் பெயரை முதலாவதாக எழுதத்தான் கை துடித்தது. பாழாய்ப்போன நாவூறு, கண்ணூறு பட்டுக் காரியம் கெட்டுவிடும் என்று பயந்து எழுதாமல் விட்டார். வாகீசன் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தரம் வாசித்தான்.

தெரிவன்று டிவியில் கடைசிப் பெயரையும் வாசித்துவிட்டார்கள். அவன் பெயர் வரவில்லை.

“உவங்களுக்குக் கண் தெரியேல்லை, ராசா,” என்றார் குலசிங்கம்.

வாகீசன் எழுந்து டிவியை நிறுத்தினான்.

“உங்கட லிஸ்ட் ஒருக்காலும் பிழையாப் போகாதுதானே, அப்பா.”