இலையோரத்தில் பார்பிக்யூ சாஸ்

போன வாரம் அருமனையில் ஒரு நிச்சயதார்த்தச் சாப்பாடு. இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்துத் துடைத்தோம். உப்பு வந்தது, ஊறுகாய் வந்தது, அடுத்ததாக இலையின் இடது ஓரத்தில் ஒரு கரண்டி பார்பிக்யூ சாஸ் வந்து விழுந்தது.

இஞ்சிக்கறி விழ வேண்டிய இடம் அது!

பந்தியில் இருந்த யாருக்கும் அது சாஸ் என்று தெரியாது. எனக்குத் தெரியும். காரணம், முதல் நாள் மதியம் அது கொதித்தபோது பக்கத்தில் நின்றவன் நான்.

மணப்பெண் ஆன்சி, என் சித்தி மகள் விமலாவின் மகள். விமலாவின் கணவர் வில்சன் கல்ஃபில் இருக்கிறார். பெரிய ஹோட்டல் ஒன்றில் கிரில் அடுப்பில் வேலை. இறைச்சி சுடுவார், சாஸ் வைப்பார். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால், மாப்பிள்ளை வீட்டாருக்கு விமலா சொல்லியிருந்தது 'கேட்டரிங் மேனேஜர்'.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் மாவட்டத்தில் பெண் பார்க்க வருபவர்கள் பெண்ணின் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்பது 'அப்பாவுக்கு அங்க என்ன வேலை?' என்பதைத்தான். வெளிநாடு போன எல்லோரும் இங்கே சூப்பர்வைசர்கள், மேனேஜர்கள். அங்கே யார்தான் வேலை செய்கிறார்கள்? அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

முதல் நாளுக்கு வருகிறேன்.

வீட்டின் பின்பக்கம், ரப்பர் விறகு அடுப்பில் பெரிய ஸ்டீல் அண்டா. தக்காளி குழைந்து வற்றிக்கொண்டிருந்தது. வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், வினிகர் எல்லாம் உள்ளே போயிருந்தன. வில்சன் கருப்பட்டியை உருக்கி, மண் போக வடிகட்டி, மெல்ல ஊற்றினார். நிறம் சிவப்பிலிருந்து கறுப்புக்கு நகர்ந்தது.

"என்ன மச்சான், பாயசமா?" என்றேன்.

"சாஸு. நாளைக்குக் கோழி சுடும்போ தடவணும். அங்க மொலாசஸ்ணு ஒரு கரும்புப் பாகு விடுவோம். இங்க கருப்பட்டி கெடக்கும்போ அது என்னத்துக்கு?"

கொஞ்சம் புளி கரைத்து விட்டார். இஞ்சியைத் தட்டி, தாராளமாகவே போட்டார். கரண்டியின் பின்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தார். கோடு மூடவில்லை. பதம் சரி என்று தலையாட்டிக்கொண்டார்.

"எந்தெந்த நாட்டுக்காரனோ எல்லாம் எனக்க சாப்பாட்டத் தின்னாச்சு மச்சான். எனக்க வீட்டுல உள்ளவங்கதான் தின்னதில்ல."

உண்மைதான். லீவில் வரும்போது விமலா அவரை அடுப்படிக்குள் விடுவதில்லை. ஒரு மாதம்தான் இருக்கிறார், அப்போதும் வேலை வாங்குவதா என்று அவளுக்கு.

விமலா வந்தாள். அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

"வையுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா நாளைக்கு அடுப்புப் பக்கம் வரப்பிடாது, கேட்டியளா? மாப்பிள வீட்டுக்காரங்க பாத்தா?"

"பாத்தா என்ன பிள்ளே?"

"மேனேஜரு கரி ஊதுவாரா?"

வில்சன் சிரித்தார். சாஸ் இன்று அவர் வைப்பது. நாளை அதைத் தடவிக் கோழி சுடுவது சமையல்காரர் தாசையனின் ஆட்கள். வில்சன் வெள்ளை வேட்டியோடு வாசலில் நிற்பது — இப்படி முடிவானது.

மறுநாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பந்தி தொடங்கும்வரை.

இங்கே வீட்டு விசேஷம் என்றால் சொந்தக்காரர்கள்தான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு இலைக்கு இலை விளம்புவார்கள். வில்சனின் அண்ணன், சமைத்ததை வைத்திருந்த கலவறைக்குள் போனார். கறுப்பாக, கெட்டியாக, கருப்பட்டியும் புளியும் இஞ்சியுமாக மணக்கும் ஒரு பாத்திரம் கண்ணில் பட்டது. அதை இஞ்சிக்கறி என்று நினைக்காதவன் குமரி மாவட்டத்துக்காரனா? தூக்குவாளியில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். தாசையன் வைத்த அசல் இஞ்சிக்கறி பக்கத்திலேயே மூடியோடு இருந்தது.

இலை இலையாகச் சாஸ் விழுவதை வில்சன் வாசலிலிருந்து பார்த்தார். உள்ளே ஓட ஒரு அடி எடுத்து வைத்தார். பக்கத்தில் சம்பந்தி. நின்றுவிட்டார்… சிரித்தபடி.

எனக்கு எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் தாய்மாமன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். இன்னொரு முறை தொட்டார். பருப்புச் சோற்றை ஒதுக்கிவிட்டு, வெறும் சோற்றில் அதைப் பிசைந்தார்.

"ஓய், அந்த இஞ்சிக்கறிய இன்னும் கொஞ்சம் விளம்பும்!"

மறுபடி விழுந்தது. மறுபடி பிசைந்தார்.

"கொள்ளாமே! இப்பிடி ஒண்ணு நான் தின்னதில்ல. யாரு வச்சது?"

யாரோ உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்கள். தாசையன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இலையைப் பார்த்தார். தன் இஞ்சிக்கறி அதுவல்ல என்று அவருக்குத் தெரியாதா? தெரியும்.

"எல்லாம் உங்க ஆசீர்வாதம்," என்றார்.

"எங்க பய கல்யாணத்துக்கும் நீருதான் வைக்கணும், கேட்டீரா?"

"வச்சிரலாம்."

நான் வில்சனைப் பார்த்தேன். அவரும் மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மோர்ச் செம்போடு நின்ற விமலா, செம்பைக் கீழே வைத்தாள்.

"அது அவரு வச்சதில்ல."

"பின்ன?" என்றார் தாய்மாமன்.

"எங்க வீட்டுக்காரரு வச்சது. இஞ்சிக்கறியும் இல்ல. கோழியில தடவுத சாஸு. நேத்து மத்தியானம் பூரா அடுப்புல நின்னு வச்சாரு."

"மேனேஜரா?"

"மேனேஜரு இல்ல. அங்க அவருக்குச் சமையல் வேல. நாந்தான் மாத்திச் சொன்னேன். அவரு சொல்லச் சொல்லல."

ஆன்சி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் சம்பந்தி வில்சனை ஏறிட்டுப் பார்த்தார்.

தாய்மாமன் இலையோரத்தில் மிச்சமிருந்ததை விரலால் வழித்தார்.

"தங்கச்சி, எனக்க மூத்தவன் அங்க லாஜிஸ்டிக்ஸ் மேனேஜருண்ணு சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க."

"லாரி ஓட்டுதான்."

முதலில் சிரித்தது சம்பந்திதான். அப்புறம் பந்தியே சிரித்தது.

"ஓய், வில்சனே!" தாய்மாமன் வாசலைப் பார்த்துக் கூவினார். "அங்க எதுக்கு நிக்கீரு? கோழி வெறுங்கோழியா வருது. போய்ப் பாரும்."

வில்சன் வேட்டியை மடித்துக் கட்டினார். பின்பக்கம் போனார். அண்டாவின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து, வினிகர் விட்டு இளக்கி, சிரட்டைக் கரியில் கடைசிப் பந்திக்கான கோழிகளை அவரே சுட்டார். ஆன்சி அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்தாள், முதல் பந்தியில் சாப்பிட்டதை மறந்துவிட்டு.

சாயங்காலம் விமலாவிடம் கேட்டேன். இத்தனை வருடம் காப்பாற்றியதை ஒரு கரண்டி சாஸுக்காகப் போட்டு உடைத்துவிட்டாயே?

"பொய் சொல்லுதது பழகிப்போச்சுண்ணா. அதுல எனக்கு ஒண்ணும் தோணல. ஆனா அந்த மனுஷன் முன்னால வந்து நின்னு 'உங்க ஆசீர்வாதம்'ங்காரு… இவரும் தலைய ஆட்டுதாரு. அது தாங்கல."

கல்யாணச் சமையல் தாசையனுக்குத்தான். சாஸ் மட்டும் பெண்ணின் அப்பா வைக்கிறார். பார்ப்பவர்களிடமெல்லாம் விமலா இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அழைப்பிதழில் அச்சடிக்காததுதான் குறை!