அத்தை கொண்டுவந்த செம்புக் குடம்

ஐந்தாம் வகுப்பில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். போனது போலப் போக்குக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தது. கூடவே கையும் நடுங்க ஆரம்பித்தது. என் கையெழுத்து கோழி கிளறியது போல் இருப்பதாக டீச்சர் வீட்டுக்குச் சொல்லியனுப்பினார்.

சேதி கேட்டதும் நெல்லிக்குப்பத்திலிருந்து அத்தை கடலூருக்கு வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா. இடுப்பில் புத்தம்புதுச் செம்புக் குடம்.

“ராத்திரி ஊத்தி வச்சிக் காத்தால குடிச்சா ஈரலுக்கு அவ்ளோ நல்லது. குடிடி மருமவளே.”

அத்தை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நான் பிறந்த அன்றே, தன் மகனுக்கு என்று சொல்லித் தூக்கிக்கொண்டவள். மூக்கு ஒழுக நிற்கும் அந்த மகன்மேல் எனக்குப் பெரிய மதிப்பில்லை. ஆனால் மருமகள் பதவி பிடித்திருந்தது. கொலுசும் முதல் முறுக்கும் அதோடு வந்தன.

தண்ணீர் பழைய காசை நக்கியது போல் இருக்கும். அத்தைக்காகக் குடித்தேன். நடுக்கம் கூடியதுதான் மிச்சம்.

சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் ஒரு மெஷினில் என் தாடையை வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். உடனே டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டார். என் கருவிழியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் இருந்ததாம். அதைப் பார்க்க அவர்கள் சாமி கும்பிடுவது போல வரிசையில் வந்தார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

“சொந்தத்துல கல்யாணமா?” என்று டாக்டர் அம்மாவையும் அப்பாவையும் பார்த்துக் கேட்டார்.

“ஆமாங்க, இவரு எங்க அத்த மவன்தான்,” என்றாள் அம்மா.

சாப்பாட்டில் இருக்கிற செம்பை எல்லார் உடம்பும் வெளியே தள்ளிவிடுமாம். என் உடம்புக்கு அது தெரியவில்லை. ஈரலிலும் மூளையிலும் கண்ணிலும் சேர்த்து வைத்திருந்தது. அம்மா, அப்பா இரண்டு பேரிடமிருந்தும் வந்த கோளாறு. செம்பைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கிவிட ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில், ஆயுசுக்கும். நண்டு, ஈரல், முந்திரி எதுவும் கூடாது. அம்மா தயங்கித் தயங்கிக் குடத்தைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

“அத மொதல்ல தூக்கிப் போடுங்கம்மா.”

அடுத்த முறை போகும்போது ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் கேனில் பிடித்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

“என்னா தம்பி, தேனா?” என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

“இல்லீங்க, செம்பு. வெல ஜாஸ்தி,” என்றார் மாமா. சிதம்பரம் வரும்வரை நான் சிரித்தேன். கேனில் செம்பு நிறைய இறங்கியிருக்கிறது, மருந்து வேலை செய்கிறது என்று டாக்டரும் சிரித்தார். அப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டு ஏதோ பேசினார்.

அந்த வாரமே அத்தை வந்தாள். அப்பா அவளிடம் தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினார். பரணில் கிடந்த குடத்தை அத்தை தானே இறக்கிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, வாழ்க்கையிலேயே முதல் முறையாக, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். யாரையோ கூப்பிடுவது போல் இருந்தது. குடத்தை டாக்டரிடம் காட்டிக்கொடுத்ததில் அத்தைக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

“கோச்சிக்காத அத்த. குடத்த வச்சிட்டுப் போ, நான் டெய்லி குடிக்கிறேன்,” என்றேன்.

அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதாள். இத்தனை அழுகையும் ஒரு குடத்துக்கா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இனி நம் சொந்தத்துக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் வேண்டாம் என்று டாக்டர் அப்பாவிடம் சொல்லியனுப்பியது, அத்தை மகனுக்குச் சொந்தத்துக்கு வெளியே, அசலில் பெண் பார்த்த வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அத்தை குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.