இரண்டாம் நாள் இல்லாத ஊர்

போன வெள்ளிக்கிழமை எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

எதற்கு என்றா கேட்கிறீர்கள்? அதிகாலையில் எழும்பி யோகாவும் தியானமும் செய்யும் பழக்கத்தை எங்கள் ஊர்ப் பெண்களிடம் ஏற்படுத்தியதற்காக. அப்படியொரு பழக்கத்தை, பொன்னாடை போர்த்திய சங்கம் ஏற்படுத்தவே இல்லை... அது வேறு விசயம். பொன்னாடை ஏற்பட்டுவிட்டது அல்லவா?

இந்தப் பொன்னாடை எதற்கு உதவும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? போர்த்திக்கொண்டு படுக்க முடியாது. முகம் துடைக்க முடியாது. திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

கல்முனைப் பக்கம் வந்து பாருங்கள். எதைத் தொட்டாலும் ஒரு திறப்பு விழா. மரம் நடுவோம் — படம் எடுப்போம். கொஞ்சக் காலம் கழித்துப் போனால் மரம் இருக்காது. நட்டவரின் பெயர்ப்பலகை மட்டும் நன்றாகத் தழைத்திருக்கும். வாசகர் வட்டம் தொடங்குவோம். தொடங்கிய அன்றே வாசித்து முடித்துவிடுவோம். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் முதல் நாள் உண்டு. இரண்டாம் நாள்தான் கிடையாது.

கதைக்கு வருகிறேன்.

என் உம்மாவுக்கு முழங்கால் மடங்காது. அடுப்படியில் சின்னப் பலகையில் குந்தியிருந்து, இடியப்பம் அவித்து விற்றுத்தான் என்னைப் படிப்பித்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் வரைக்கும் போனேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அடிக்கடி சொல்வேன். ஆனால் நான் மேலே ஏற ஏற, உம்மாவால் நிலத்தில் இருக்க முடியாமல் போனது. இப்போது பிளாஸ்டிக் கதிரையில் இருந்துதான் தொழுகிறார். அப்படித் தொழலாம் என்று மௌலவியும் சொல்லிவிட்டார். உம்மாவின் மனம்தான் கேட்கவில்லை.

"கதிரையில இருந்து குனியிறது ஸுஜூது மாதிரியே இல்ல மகள். மௌத்தாகிறதுக்குள்ள ஒருக்கா நெத்திய நிலத்துல வெச்சிரணும்."

உடம்பை மெல்ல மெல்ல வளைக்கும் பயிற்சி செய்தால் முழங்கால் கொஞ்சம் இளகலாம், ஆனால் தினமும் செய்ய வேண்டும் என்றார் கிளினிக் டொக்டர். தினமும் — அந்தச் சொல்லைக் கவனியுங்கள்.

அந்த நேரம் பார்த்து ஊரில் ஒரு சங்கம் பெண்களுக்குக் காலை யோகா வகுப்பு நடத்தப் போவதாக அறிவித்தது. சங்கத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கண்டனக் கூட்டம் வைப்பார்கள். அதற்கும் ஒரு பிரதம அதிதி வருவார். படித்த பிள்ளை என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். அதாவது, கடிதம் எழுதுகிற ஆள்.

முதல் கூட்டம் முழுக்க ஒரே விவாதம்: 'யோகா' என்ற சொல்லைப் போடலாமா, கூடாதா? முழங்காலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் 'மகளிருக்கான காலைநேர உடல், உள ஆரோக்கிய மேம்பாட்டுப் பயிற்சி நெறி' என்று முடிவானது. இவ்வளவையும் பெனரில் போட்டால் தலைவரின் படத்துக்கு இடமில்லை. பெயரைச் சிறிதாக்கினார்கள்.

திறப்பு விழா அன்று விடியற்காலை ஸுப்ஹு தொழுத கையோடு உம்மாவும் நானும் கடற்கரை வீதி மண்டபத்துக்குப் போனோம். மண்டபம் நிறையப் பெண்கள். பயிற்சி கொடுக்க வந்த யசோ டீச்சர் தம்பிலுவிலில் முதல் பஸ் பிடித்து வந்து, பாய்களையும் விரித்து வைத்திருந்தார். ஆனால் தொடங்க முடியாது. பிரதம அதிதி வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு வந்தார். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. பிறகு பிரதம அதிதி மௌனத்தின் மகிமை பற்றிப் பேசினார்... பேசினார்... பேசிக்கொண்டே இருந்தார். மேடையில் இருந்தவர்களுக்குக் குஷன் கதிரை. முழங்கால் வலியோடு வந்தவர்களுக்கு நிலம்.

உம்மா என் காதுக்குள் கேட்டார்: "மகள், தியானம் எண்டா இதுதானா? அவர் கதைக்கிறதப் பொறுத்துக்கிட்டு இரிக்கிறதா?"

பின்னால் இருந்த பக்கத்து வீட்டு ஸித்தி மாமிக்கு அது கேட்டுவிட்டது. "ஓம் ராத்தா. கண்ண மூடிக்கிட்டு இரிங்க, தன்னால வரும். எனக்குக் கொறட்டையே வந்திட்டு."

டீச்சருக்கு மிஞ்சியது கொஞ்ச நேரம்தான். மூச்சை இழுக்கச் சொன்னார். விடச் சொல்வதற்குள் படம் எடுப்பவர் குறுக்கே வந்துவிட்டார். "கைய ஒசத்துங்க... ஆ, அப்படியே புடிங்க... இன்னொண்டு!" எங்களுக்குப் பின்னால் நின்றுதான் எடுத்தார். முன்னால் மேடை தெரிய வேண்டுமே! அன்று நாங்கள் செய்த ஒரே ஆசனம் அதுதான்.

எல்லாம் முடிந்தபோது உம்மாவால் எழும்ப முடியவில்லை. ஸித்தி மாமியும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம்.

மறுநாள் விடிய, உம்மாவைக் கூப்பிட எனக்கு முகமில்லை. பார்த்தால் அபாயாவும் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"இண்டைக்கும் இரிக்கித்தானே?"

மண்டபம் பூட்டு. வாசலில் யசோ டீச்சர், ஸித்தி மாமி, இன்னும் இரண்டு பெண்கள், ஒரு பூனை. தலைவருக்கு விடாமல் கோல் எடுத்தேன். கடைசியில் பதில் வந்தது.

"என்ன மகள், இந்த விடியச்சாமத்துல?"

"ஹாஜியார், மண்டபம் பூட்டிக் கிடக்கு. சாவி உங்களிட்டத்தானே?"

"என்ன புள்ள கதைக்கிறீங்க? நேத்துத்தானே திறந்த!"

"ஓம் ஹாஜியார். இண்டைக்கும் திறக்கணும்."

"இண்டைக்கு ஆர் வாற?"

நியாயமான கேள்வி. அதிதி வரவில்லை, கேமரா வரவில்லை. முழங்கால் மடங்காத நாலு பெண்கள் வந்தால் அது வருகையா? "அடுத்த கூட்டத்துல பாப்பம்" என்று வைத்துவிட்டார். ஸுப்ஹு தொழுதுவிட்டுத்தான் மறுபடி படுத்திருப்பார் என்று நல்லெண்ணம் வைக்கிறேன்.

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினேன். உம்மா ஏற்கெனவே வீட்டுப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார்.

"மறுகா என்ன? நம்மட ஊட்டு விறாந்த இரிக்கி. அதுக்குத் திறப்பு விழா ஒண்டும் தேவல்ல. வாங்க டீச்சர்."

அப்படித்தான் நடக்கிறது. டீச்சர் முடிந்த நாட்களில் வருவார். மற்ற நாட்களில் அவர் காட்டியதை நாங்களே செய்வோம். மழை பெய்தால் உம்மாவும் நானும் மட்டும். ஒன்றைத் தினமும் செய்வதில் ஓர் அழகும் இல்லை, தெரியுமா? படம் எடுக்க எதுவும் இருக்காது. கண்ணை மூடினால் வீதியில் பாண் விற்க வரும் ஓட்டோவின் பாட்டுக் கேட்கும். மனம் அதில் இருக்கும் மீன் பணிஸுக்குப் பின்னால் ஓடும். இழுத்துக்கொண்டு வரவேண்டும். நாளைக்கும் ஓடும். நாளைக்கும் இழுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த தியானம் இவ்வளவுதான் — மௌனத்தின் மகிமை எல்லாம் மேடையில் இருப்பவர்களுக்கு.

இந்த லட்சணத்தில்தான் சங்கத்தில் இருந்து வாட்ஸ்அப் வந்தது. பயிற்சி நெறி 'வெற்றிகரமாக நிறைவுற்றதை' முன்னிட்டு, செயலாளருக்குக் கௌரவிப்பு. போகாமல் விட்டிருக்கலாம். என் திமிர் விடவில்லை. மேடையில் வைத்தே கேட்பது என்று போனேன். பொன்னாடை தோளில் விழும்போது, மைக்கில் விழும்படி கேட்டேன்: "ஹாஜியார், சாவி எங்க?"

"மகள் பகிடி உடுறா!" என்று சிரித்தார் தலைவர்.

சபை கைதட்டியது. படமும் எடுத்தார்கள். அதில் நான் சிரிப்பது போலத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பொன்னாடையை ஒரு மூலையில் வீசினேன்.

இன்று காலை விறாந்தைக்குப் போனால், உம்மா அதை மடித்துத் தடிப்பாக்கி, பாயில் முழங்கால் வைக்கிற இடத்தில் போட்டிருக்கிறார். முழங்காலிட்டு முன்னால் குனிகிற ஒரு பயிற்சி இருக்கிறது. டீச்சர் முதன்முதல் காட்டிய அன்றே "இது நம்மட ஸுஜூது மாதிரித்தானே" என்று உம்மா அதைப் பிடித்துக்கொண்டார். மூச்சை விட்டு, மெல்ல மெல்லக் கீழே போனார். இன்னும் கொஞ்சம். நின்றார். நான் அவருடைய நெற்றிக்கும் நிலத்துக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன்.

"பட்டிச்சா மகள்?"

"இன்னும் நாலு விரல் இரிக்கி உம்மா."

"சரி. நாளைக்கும் இரிக்கித்தானே."

தலைவர் அவர்களே, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.