நடு ஐஸில் வைத்த குத்துவிளக்கு

"விளக்கை ஐஸுக்கு மேல் வைக்கச் சொன்னது யார்?"

அன்ட்ரூ இதை என்னிடம் ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாகக் கேட்டார். ஸ்காபரோவில் இருக்கும் அந்த ஐஸ் அரங்கத்தின் முகாமையாளர் அவர். மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று கதிரைகள். ஒன்றில் நான். அடுத்ததில் என் பெரியப்பா இரத்தினவேல். மூன்றாவதில், வேலைச் சப்பாத்தோடு கிளடிஸ் அன்ரி. பதில் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்குச் சொல்ல முடியவில்லை.

"எனக்கு நினைவில்லை" என்றேன்.

இரண்டு நாளைக்கு முன்னர் நடந்த விடயம். பதினெட்டு வயதில் எனக்கு நினைவில்லையாம்.

கிளடிஸ் அன்ரி யார் என்று முதலில் சொல்ல வேண்டும். மன்னார் பேசாலையில் பிறந்தவர். கணவர் சூசைதாசன் லொறி ஓட்டுகிறார். கனடாவுக்கு வந்த முதல் நான்கு வருடமும் பிறம்ரனில், உறைந்த உணவு வைக்கும் கிட்டங்கியில் பெட்டி தூக்கினார். "மைனஸ் இருபதில மீன்பெட்டி தூக்கினவளுக்கு உங்கட அரங்கம் கோடைகாலம் மாதிரி" என்பார். பிறகு இந்த அரங்கத்துக்கு உடைமாற்றும் அறைகளைக் கழுவ வந்தார். கழுவி முடித்ததும் வீட்டுக்குப் போகாமல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, ஐஸ் வழிக்கும் வண்டி எப்படித் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். பார்த்தே பாதியைப் படித்துவிட்டார். மீதிக்கு ஒரு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்தார். வண்டியின் இருக்கையில் அவர் தலையணை வைத்து ஏறி உட்கார்ந்தபோது ஆண்கள் சிரித்தார்களாம். அந்தத் தலையணையில்தான் ஏழு வருடம் ஓட்டியிருக்கிறார். ஏழு வருடமும் தற்காலிக வேலை.

ஐஸ் ஹொக்கி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சறுக்குச் சப்பாத்தின் கத்தி பட்டுப் பட்டு ஐஸ் முழுக்கக் கீறலாகிவிடும். இந்த வண்டி மேல்தோலை வழித்தெடுத்து, சுடுதண்ணீரை மெல்லிய படையாக விட்டுக்கொண்டு போகும். அந்தத் தண்ணீர் இறுக ஏறத்தாழப் பத்து நிமிடம் வேண்டும். அதுவரைக்கும் ஒருவர் காலும் அதில் படக்கூடாது. கிளடிஸ் அன்ரி ஒரு ஆட்டத்தையும் முழுதாக இருந்து பார்த்ததில்லை. ஆனால் ஐஸைப் பார்த்தே ஆட்டத்தைச் சொல்வார். "உவள் நிரூபா திரும்பேக்க இடது காலிலதான் முழுப் பாரத்தையும் போடுறவள். நீலக் கோட்டுக்குப் பக்கத்தில பாரும், கத்தி தோண்டின கிடங்கு."

நிரூபா, ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பிள்ளை. எங்கள் பக்கக் கல்லூரியின் பெண்கள் அணியில் பின்வரிசை ஆட்டக்காரி.

இந்த மார்ச் மாதம் கல்லூரிப் பெண்களுக்கான சம்பியன்ஷிப் போட்டி அந்த அரங்கத்தில் நடந்தது. எட்டு அணிகள், நான்கு நாட்கள். நிரூபாவின் கல்லூரிதான் போட்டியை நடத்தியது. அன்ட்ரூ கிளடிஸ் அன்ரியிடம் முன்னரே சொல்லியிருந்தார்: போட்டி ஒரு குறையும் இல்லாமல் முடிந்தால், நிரந்தர வேலைக்கு அவருடைய பெயரைத்தான் எழுதுவேன் என்று. முதல் மூன்று நாட்களும் ஒரு ஆட்டம்கூட ஐஸால் பிந்தவில்லை.

நான்காம் நாள் எங்கள் ஆட்கள் வந்தார்கள்.

பெரியப்பா வீடு விற்கும் முகவர். ஸ்காபரோவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் பாதிப் பேர், வாங்கில் ஒட்டிய அவருடைய விளம்பர முகத்துக்கு மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் போன ஜூனில் பள்ளிக்கூடம் முடித்து, அடுத்தது என்ன என்று தெரியாமல், அவருடைய கந்தோரில் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ அவருக்கு "ஒரு தமிழ்ப் பிள்ளை ஹொக்கி விளையாடுது" என்று சொல்லிவிட்டார்கள். உடனே போட்டிக்கு ஆதரவாளர் ஆகிவிட்டார். ஹொக்கியில் அவருக்கு இருந்த அக்கறையை அளக்க ஒரு விடயம் போதும். முதல் மூன்று நாளும் அவர் வரவில்லை. இறுதி ஆட்டத்துக்குப் பத்துப் பேரையும் ஒரு பித்தளைக் குத்துவிளக்கையும் கூட்டிக்கொண்டு வந்தார். நிகழ்ச்சியை அறிவிக்க என்னைப் பிடித்தார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒழுங்காகப் போன குற்றத்துக்காக.

ஆட்டம் நாலே முக்காலுக்கு. நாலேகாலுக்குக் கிளடிஸ் அன்ரி வண்டியை வெளியே எடுத்து வாசல் கதவைச் சாத்தப் போனார். அங்கே சுருட்டிய சிவப்புக் கம்பளத்தோடு பெரியப்பாவும் மற்றவர்களும். நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"அண்ணை, கால் வைக்காதேங்கோ. இன்னும் பத்து நிமிஷம். தண்ணி இறுகேல்ல."

"தங்கச்சி, நாலரைக்கு ராகுகாலம் தொடங்குது" என்றார் பெரியப்பா. "பதினொரு பேர் கொளுத்தவேணும். பத்து நிமிஷம் நிண்டால் நாங்கள் ராகுவுக்கையெல்லே போய் விழுவம்."

"அப்ப உந்த வாசலில, ரப்பர் விரிப்பில வையுங்கோ. வடிவாயிருக்கும். நானும் வந்து ஒரு திரி கொளுத்திறன்."

"வாசலில வைக்கவோ நான் இவ்வளவு செய்தனான்? நடு ஐசில நிண்டு கொளுத்தினால்தான் படம் எடுபடும்."

"எண்ணெய் விட்ட விளக்கு அண்ணை. சரிஞ்சால் ஐஸ் போச்சு."

"குத்துவிளக்கு சரியிறதோ! நீர் வேதக்காரி, உமக்கு உது விளங்காது."

"எங்கட மாதா கோயிலிலயும் விளக்குக் கொளுத்திறனாங்கள்தான். ஐசில கொளுத்திறேல்ல, அவ்வளவுதான்."

பெரியப்பாவின் சினேகிதர் பொன்னம்பலம் அங்கிளுக்கு இது பெரிய பகிடி. "இரத்தினம், ஐசுக்கும் ஒரு முதலாளி இருக்கிறா பார்" என்று சிரித்தார். கிளடிஸ் அன்ரி, வாசலுக்கு வந்திருந்த அன்ட்ரூவைப் பார்த்தார். அன்ட்ரூவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கிளடிஸ் அன்ரி ஆங்கிலத்தில் "நோ, பத்து நிமிடம்" என்றது அவருக்குக் கேட்டது. எல்லாச் சமூகங்களின் பண்பாட்டையும் மதிக்கிறோம் என்று ஒரு வாக்கியம் சொல்லி, கையைக் காட்டி, எங்கள் ஆட்களை ஐஸுக்குள் போகச் சொன்னார்.

ஈரத்தின் மேல் கம்பளத்தை விரித்தார்கள். ஐஸ் அதைப் பிடித்துக்கொண்டது. நடுவில் சுருங்கிய இடம் சுருங்கியபடியே உறைந்து ஒரு சிறு வரம்பு மாதிரி நின்றது. அதற்குப் பக்கத்தில் விளக்கை வைத்தார்கள்.

விளக்கில் ஐந்து திரி. பிரமுகர்கள் பதினொரு பேர். இந்தக் கணக்கை யாரும் முன்னரே போடவில்லை. நான் ஒவ்வொருவருடைய பட்டங்களையும் வாசிக்க வாசிக்க, ஐந்து பேர் கொளுத்தினார்கள், பொன்னம்பலம் அங்கிள் ஐந்து திரியையும் நசித்து அணைத்தார், அடுத்த ஐந்து பேர் கொளுத்தினார்கள், மறுபடியும் அணைத்தார். ஒளி பரவட்டும் என்று என்னை மூன்று தரம் சொல்ல வைத்தார்கள். இடையில் நிரூபாவை வரிசையிலிருந்து கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். தோள் கவசத்தில் அது நிற்கவில்லை. வழுகி விழுந்தது. அவள் பொன்னாடையை மட்டையால் தூக்கிப் பெரியப்பாவிடமே நீட்டினாள். "வேர் டு ஐ புட் திஸ், அங்கிள்?"

பதினோராவது ஆள் பெரியப்பா. கமராவைப் பார்த்துக்கொண்டு நடந்தார். கால் அந்தச் சுருக்கத்தில் தட்டியது. பிடிப்பதற்கு அவருக்குக் கிடைத்தது விளக்கு.

அது ஐஸில் வரைந்திருந்த நடு வட்டத்தில் சரிந்தது. ஒரு போத்தல் நல்லெண்ணெய். மேலே இருந்த மாணவர்கள் கைதட்டினார்கள்.

கம்பளத்தை இழுத்தபோது அது ஐஸையும் பிய்த்துக்கொண்டு வந்தது. அன்ட்ரூ ஓடிவந்து, வண்டியை மேலால் ஒருதரம் விடு, எல்லாம் சரியாகிவிடும் என்றார். கிளடிஸ் அன்ரி மறுத்துவிட்டார். வண்டிக்குப் பின்னால் இழுபடும் துணியில் எண்ணெய் பட்டால் அது முழு அரங்கத்துக்கும் பூசிவிடும். எண்ணெய்க்கு மேல் விட்ட தண்ணீர் ஒட்டாது. ஓடிவரும் பிள்ளையின் கால் அங்கே முறியும். மூன்று வசனம், நல்ல ஆங்கிலம். அன்ட்ரூ இரண்டாம் தரம் கட்டளையிட்டார். அன்ரி இரண்டாம் தரமும் மாட்டேன் என்றார்.

பிறகு முழங்காலில் இருந்தார். எண்ணெய் ஊறிய ஐஸைக் கைச்சுரண்டியால் அடிவரை சுரண்டி வாளியில் போட்டார். கடதாசியால் துடைத்து, மணந்து பார்த்து, மறுபடியும் சுரண்டினார். வண்டி வழித்த பனித்தூளைத் தண்ணீரோடு குழைத்துக் குழியில் அப்பினார். கடைசியாகத் தீயணைக்கும் உருளையை எடுத்து அதிலிருந்த குளிர் வாயுவைக் குழியின் மேல் அடித்தார். வெள்ளைப் புகைக்குள் கொஞ்ச நேரம் அவரைக் காணவில்லை. நான் சிதறிக் கிடந்த திரிகளைப் பொறுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"பிள்ளை, இண்டைக்கு விடியக்காலமை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினதெல்லே?"

"ஓம் அன்ரி."

"உங்கட ராகுவும் தன்ர மணிக்கூட்டைத் தள்ளினவரோ?"

நான் அப்போதுதான் யோசித்தேன். கனடாவில் கோடைக்கான நேரமாற்றம் அன்று காலையில்தான் வந்திருந்தது. பெரியப்பா நாலரை என்று பார்த்தது நகைக்கடை கொடுத்த கலண்டரில். சூரியனுக்கு அப்போது நேரம் மூன்றரை. ராகு வருவதற்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. வராத ராகுவுக்குப் பயந்து ஓடிப்போய் பதினொரு பெரியமனிதர்கள் ஈர ஐஸில் இறங்கினார்கள். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராலும் இப்படி ஒரு பிழையை விட முடியாது.

ஆட்டம் முப்பத்தைந்து நிமிடம் பிந்தித் தொடங்கியது. நிரூபாவின் அணி மேலதிக நேரத்தில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது. நடு வட்டத்தில் ஒருவரும் விழவில்லை. பெரியப்பா முதல் பகுதி முடியும் வரைதான் இருந்தார். "எங்கட பிள்ளை ஆர்? எல்லாம் தலைக்கவசத்தோட ஒரே மாதிரிக் கிடக்கு" என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டு, ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமைதான் நான் தொடக்கத்தில் சொன்ன கூட்டம். ஆட்டம் ஏன் பிந்தியது என்று போட்டிக் குழுவுக்கு அன்ட்ரூ எழுத வேண்டியிருந்தது. ஐஸ் தயார் என்று அந்தப் பெண் சொன்னபடியால்தான் போனோம் என்றார் பெரியப்பா. தான் கையைக் காட்டியதை அன்ட்ரூ சொல்லவில்லை. "நான் பத்து நிமிடம் என்று சொன்னேன்" என்று கிளடிஸ் அன்ரி ஒரே தரம் சொன்னார். அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்கள். நான் சொன்ன பதிலை நீங்கள் வாசித்துவிட்டீர்கள்.

வெளியே நடைவழியில் கிளடிஸ் அன்ரி நின்றார். "உமக்கும் வேலை வேணுமெல்லே பிள்ளை. எனக்கும் வேணும்." அவ்வளவுதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நிரந்தர வேலை வேறு ஒருவருக்குப் போனது. போன குளிர்காலத்தில் சான்றிதழ் எடுத்த ஒருவர். கிளடிஸ் அன்ரியின் கோப்பில் "கட்டளையை மறுத்தார், இறுதி ஆட்டம் தாமதமானது" என்று ஏறியது.

அடுத்த கிழமை மளிகைக் கடையில் மீன் வெட்டுமிடத்தில் நிற்கும்போது ஒரு அன்ரி இன்னொரு அன்ரிக்குச் சொன்னார்: "கேள்விப்பட்டனீரே? அந்தக் கிளடிஸ், வண்டியால குத்துவிளக்கை இடிச்சு விழுத்திப்போட்டாவாம். வேணுமெண்டாம்!" மற்றவர், "வேதக்காரர் உப்பிடித்தான்" என்றார். நான் மீனை வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

அன்றிரவு போட்டியின் இணைய ஒளிபரப்பைத் திறந்தேன். என் கையில் இருந்த ஒலிவாங்கி அந்த வாசலில் திறந்தே இருந்திருக்கிறது. எல்லாம் இருந்தது: இறுகேல்ல, ராகு, படம் எடுபடும், பொன்னம்பலம் அங்கிளின் சிரிப்பு. உலகம் முழுக்கப் பார்க்கக்கூடிய இடத்தில் ஒரு கிழமைக்கு மேலாகக் கிடந்திருக்கிறது. தமிழ் விளங்கிய ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் எங்கள் ஆட்கள் படத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். நான் அதை வரிக்கு வரி மொழிபெயர்த்து, என் பெயரைப் போட்டு, செவ்வாய்க்கிழமை நான் பொய் சொன்னேன் என்றும் எழுதி, குழுவுக்கும் அன்ட்ரூவுக்கும் அனுப்பினேன். அடுத்த நாள் பெரியப்பாவின் கந்தோருக்குப் போகவில்லை. அவர் போனில் சொன்னது இங்கே எழுத வேண்டாம். அப்பாவும் இப்போது என்னோடு அளந்துதான் பேசுகிறார்.

குழு பதில் போட்டது. பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்கு வழிகாட்டல் ஒன்று தயாரிக்கப் போகிறார்களாம். அன்ட்ரூவும் பதில் போட்டார். கோப்பில் இருந்த குறிப்பை நீக்கிவிட்டார். ஆனால் வேலை நிரப்பியாகிவிட்டது, வருந்துகிறாராம். அவர் வருந்தியதில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

கடிதத்தைப் பற்றியும் மீன்கடையில் கேட்டதைப் பற்றியும் சொல்ல நான் அரங்கத்துக்குப் போனேன். கிளடிஸ் அன்ரி புதிய ஆளுக்கு வண்டியின் கத்தியை மாற்றக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் நிரந்தரம், இவர் தற்காலிகம், இவர்தான் காட்டுகிறார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கையைத் துடைத்தார்.

"நல்லது. ஆனால் நீர் அண்டைக்கெல்லே சொல்லியிருக்கவேணும்."

"ஓம் அன்ரி."

"இனி எனக்குச் சொல்லி என்ன? அந்த மீன்கடையில சொல்லும்."

நான் ஒரு ஆள். ஸ்காபரோவில் எத்தனை மீன்கடை, எத்தனை கோயில் வாசல், எத்தனை பிறந்தநாள் விழா! எல்லாவற்றுக்கும் என்னால் போக முடியாது. அதனால்தான் எழுதினேன். வாசித்த நீங்கள் இதை இன்னொருவருக்குச் சொல்லுங்கள், போனில் அனுப்புங்கள், பெயர்களை மறைக்காமல் அனுப்புங்கள். என் பெரியப்பாவுக்குத் தெரிந்தவராக இருந்தால் முதலில் அவருக்கு அனுப்புங்கள்.